சாமி வயரில் ஆறு கம்பியூட்டர்

உ
மாரியம்மாவும் ரோதமுனியும் கூட இருக்கணும்

ஊசிமலைத் தோட்டம், மேக்கணக்கு,
ராகலை.
12.01.2025

அண்ணன் மக பிரேமினிக்கு ஒன் அத்த அழகம்மா எழுதிக்கிறது.

நாங்க சொகம். போன வாரம் நீ போன் எடுத்தப்ப நான் "ஆமா ஆமா"ன்னு சொன்னதெல்லாம் சும்மா. ஒண்ணும் வெளங்கல புள்ள. தேயில அரைக்கிற ஸ்டோருல ரோலர் மிசினுக்குப் பக்கத்துல பதினெட்டு வருசம் நின்ன காது இது. கடுதாசின்னா ரெண்டு தரம் மூணு தரம் படிச்சுக்குவேன். நீயும் எழுது, கை தேஞ்சு போயிறாது.

சந்தோசமான விசயம் ஒண்ணு. நம்ம பத்தாம் நம்பர் லயத்து வீட்டு வரிசையில பொறந்த சின்னராசா இருக்கானே, கொழும்புல கம்பனி நடத்துறவன், அவன் நம்ம புள்ளைங்களுக்கு ஆறு கம்பியூட்டர் சும்மா குடுக்குறான். அவன் கம்பனிக்குப் புதுசு வாங்கிட்டானாம். ஒவ்வொண்ணும் ஒரு அரிசிப் பெட்டி தண்டி இருக்கு. கொண்டாந்த ஆளு தட்டிக்காட்டி, "அம்மா, உள்ள இருக்கிற புரோசசர் லேசுப்பட்டது இல்ல, ராட்சசன்"னு சொன்னான். கோயிலுக்குப் பக்கத்து மடத்துல வச்சு, தைப்பூசத்தன்னைக்கு தொறக்கப் போறோம். புள்ளைங்க படிக்க ஒரு எடம் வேணும்னு எத்தன வருசமா நான் அம்மன்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன், அவ காது குடுத்துட்டா.

கரண்டுக்கு என்ன பண்ணுவீங்கன்னு நீ கேப்ப. மெயின் கரண்டு இன்னமும் நம்ம மேக்கணக்கு லயங்களுக்கு ஏறல. ஆனா நீ கொழும்பு போனப்புறம் தண்ணி புடிக்கிற பீலிக்கு மேல ஓடையில நாங்க கரண்டு மிசினு போட்டோமே, அதுதான் ஓடுது. பக்கத்துல ரோதமுனிக்கு ஒரு கல்லும் நட்டிருக்கேன். ஸ்டோரு சக்கரத்தக் காத்த சாமி இந்தச் சக்கரத்தக் காக்காதா? வீடு இருவத்திரெண்டு, வீட்டுக்கு நூறு வாட்ஸ், அதுக்கு மேல ஒரு பொட்டு கெடையாது. கரண்டு சங்கத்துக்கு நான்தான் தலைவி. இதுவரைக்கும் மூணு கரண்டு கேத்தலு, ரெண்டு இஸ்திரிப்பெட்டி, ஒரு ரைஸ் குக்கர் புடிச்சிருக்கேன். என்னயக் கண்டா பொம்பளைங்க அடுப்புக்குள்ள எதையாச்சும் ஒளிக்கிறாங்க.

கோயிலுக்கு மட்டும் தனி வயரு. சாமிக்கு அளவு வைக்கக்கூடாதுன்னு மொத கூட்டத்துலயே தீர்மானம். மடமும் அந்த வயருலதான். அதனால கவலையே இல்ல.

நீ கம்பியூட்டர் படிச்ச புள்ள. தைப்பூசத்துக்கு வந்து நீதான் சுவிச்ச அமத்தித் தொறந்து வைக்கணும்.

வெத்தல போடாம இருக்கியான்னு கேக்க மாட்டேன், ஒனக்கு அந்தப் பழக்கம் இல்ல. சாப்புடாம இருக்கியான்னு கேக்குறேன்.

அத்த

---

கொழும்பு
19.01.2025

அன்பு அத்தை,

கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்து, ரைஸ் குக்கர் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. அந்த ஆறு பெட்டிகளையும் இப்போதைக்கு வயரில் மாட்டாதீர்கள்.

புரோசசர் என்பது கணினிக்குள் கணக்குப் போடுகிற சின்னச் சில்லு. பிள்ளைகள் பாடம் வாசிக்கவும் எழுதவும் ஒரு புரோசசர் பத்துப் பதினைந்து வாட்ஸில் வேலையை முடித்துவிடும். இன்னொன்று அதே வேலைக்கு நூறு கேட்கும். சின்னராசா அண்ணன் கொடுத்திருப்பது பெரிய படங்கள் வரைகிற கம்பனிகளுக்கான வகை. திரையோடு சேர்த்துப் பெட்டிக்கு இருநூறு வாட்ஸ் போகும். ஆறும் ஓடினால் பன்னிரண்டு வீட்டுக் கரண்டு அத்தை.

எங்கள் அலுவலகத்துக்கு முந்நூறு கணினிகள் தேர்ந்தெடுக்கும் வேலை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. குறைவாகக் கரண்டு எடுக்கும் ஒரு புரோசசரைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதைச் செய்கிற தொழிற்சாலையில் வேலையாட்களை நன்றாக நடத்துகிறார்கள் என்று சான்றிதழும் இருக்கிறது. அந்த வகையில் சிறியதாக நாலைந்து உங்களுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

தைப்பூசத்துக்கு வர முடியாது. லீவு தரவில்லை.

பிரேமினி

---

ஊசிமலைத் தோட்டம், மேக்கணக்கு
27.01.2025

பிரேமினிக்கு.

ஒன் கடுதாசி கெடச்சது. மூணு தரம் படிச்சேன். மூணு தரமும் வயிறு எரிஞ்சது.

நாம ஒடிக்கிற கொழுந்துல நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிப் போயிருது. நமக்கு அளந்து குடுக்குறது சலிச்சு மிஞ்சுன டஸ்ட்டு. அதத்தான் நான் அம்பத்தாறு வருசமா குடிக்கிறேன். இப்ப கம்பியூட்டர்லயும் தோட்டத்துப் புள்ளைங்களுக்குச் சின்னது போதும்னு வெளியாளு யாரும் சொல்லல, நம்ம லயத்துக் காம்பராவுல பொறந்த நீ சொல்ற. ஒங்க ஆபீசுல பெரிசு வச்சுக்குவீங்க, நாங்க மட்டும் இத்துனூண்டு வச்சுக்கணும். கொழும்புல எரியிற லைட்டே நம்ம மலைத் தண்ணியிலதானே எரியிது? அங்க வந்து யாராச்சும் வீட்டுக்கு நூறு வாட்ஸுன்னு அளக்குறாங்களா?

அப்புறம் அந்த சர்டிபிக்கெட்டு. அதப்பத்தி என்கிட்ட சொல்லாத தாயி. மூணு வருசத்துக்கு முந்தி நம்ம தோட்டத்துக்கும் சர்டிபிக்கெட்டு குடுக்க ரெண்டு பேரு நோட்டுப் புத்தகத்தோட வந்தாங்க. அவங்க வாறதுக்கு மொத நாளு வேல பாக்குற கண்டாக்கையா, காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல எல்லாருக்கும் கையொற, பூட்ஸு குடுத்தாரு. "கேட்டா எப்பவும் குடுக்குறாங்கன்னு சொல்லுங்க"ன்னாரு. எனக்குக் கெடச்ச பூட்ஸு ரெண்டும் எடது காலு. அதப் போட்டுக்கிட்டு மலையில நின்னுக்கிட்டு, "ஆமா சார், எப்பவும் குடுக்குறாங்க"ன்னு நானும்தான் சொன்னேன். பொய்யின்னு அம்மனுக்குத் தெரியும். மறுநா காலைல பெரட்டுல பேரு கூப்புட்டு ஒவ்வொரு சோடியா திருப்பி வாங்கிக்கிட்டாங்க. சர்டிபிக்கெட்டு மட்டும் இன்னமும் ஆபீசு செவுத்துல தொங்குது.

ஒன் சில்லு செய்யிற எடத்துலயும் ஒரு அழகம்மா இருப்பா. அவளும் "ஆமா சார்"னுதான் சொல்லியிருப்பா.

நாங்க தைப்பூசத்துக்குத் தொறக்குறோம். சாமி வயரு சாமிக்கு. நீ ஒண்ணும் ஏற்பாடு பண்ண வேணாம்.

அழகம்மா

(ஒனக்கு முறுக்கு செஞ்சு வச்சிருந்தேன். அனுப்புறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல.)

---

கொழும்பு
02.02.2025

அத்தை,

இந்தச் சின்னப் புரோசசர் தோட்டத்துக்கென்று ஒதுக்கிய டஸ்ட் இல்லை. இந்தக் கடிதத்துக்குக் கணக்குப் பார்த்த என் சொந்தக் கணினியில் இருப்பதும் அதேதான்.

எங்கள் அலுவலகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. யாருமே உட்காராத ஒரு அறையில் நாற்பது கணினிகள் இரவும் பகலும் அணையாமல் கிடக்கின்றன. ஏன் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

சான்றிதழ் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. கணினி விற்க வந்தவரிடம், "மேலாளர் பக்கத்தில் இல்லாமல் வேலையாட்களிடம் யாராவது பேசினார்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மிஸ், இதெல்லாம் யாரும் கேட்கிறதில்லை" என்றார். நான் கேட்டேனே என்றேன். பார்த்துச் சொல்வதாகப் போனார்.

முறுக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. மாட்டுவதற்கு முன்னால் ஒரு பெட்டியை மட்டும் ஓடவிட்டு, வீடுகளில் பல்ப் எப்படி எரிகிறது என்று பாருங்கள்.

பிரேமினி

---

ஊசிமலைத் தோட்டம், மேக்கணக்கு
16.02.2025

பிரேமினிக்கு அத்த எழுதுறது.

தைப்பூசம் அம்மன் புண்ணியத்துல நல்லா நடந்துச்சு. காவடி ஒம்பது. சின்னராசா காருல வந்து, மடத்து வாசல்ல அவன் பேருல போர்டு தொறந்தான். ஆறு கம்பியூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, மால போட்டு, தேங்கா ஒடச்சேன். புள்ளைங்க கூட்டத்தப் பாக்கணும் நீ! சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தா எட்டு மணிவரைக்கும் நகர மாட்டேங்குதுங்க. அனல் அடிக்கிதுன்னு சொல்லி, பனி நேரத்துல சின்னதுங்க பெட்டிக்குப் பின்னால கை வச்சு குளிர் காயுதுங்க.

நீ பயந்த மாதிரி ஒண்ணும் இல்ல.

என்ன, இப்ப மழ இல்ல, ஓடையும் கொஞ்சம் எளச்சுப்போச்சு. வீடுகள்ல லைட்டு சாயங்காலத்துல செவப்பா எரியிது. லயத்துல புதுசா புள்ள பெத்த ஒருத்தி வெளிச்சம் பத்தலன்னு மெழுகுவத்தி வச்சுக்கிட்டு புள்ளையக் குளுப்பாட்டுறா. எல்லாரும் என்னையத்தானே கேப்பாங்க? யாரோ திருட்டுத்தனமா எதையோ மாட்டுறாங்கன்னு நான் வீடு வீடா சோதிச்சேன். கடைசியில நாலாம் நம்பர் லயத்து மாயாண்டி வீட்டுக் கட்டிலுக்கு அடியில இஸ்திரிப்பெட்டி இருந்துச்சு. அவன் நுவரெலியாவுல ஹோட்டல்ல வேல, தெனமும் வெள்ளச் சட்ட போடுறவன். பின்ன எப்பிடி மடிப்பு வருது? எல்லாரு முன்னாலயும் எடுத்துட்டு வந்து சங்கத்து அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். அவனுக்கு ஒரு மாசத்துக்கு கரண்டு வெட்டுன்னும் சொல்லிட்டேன். அவன் சம்சாரம் லெட்சுமி இப்ப பீலியில என்னயக் கண்டா தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டுப் போயிர்றா.

அப்பிடித்தான் இருக்கணும். நியாயம்னா நியாயம்.

முறுக்கு அனுப்பியிருக்கேன். ஒடஞ்சிருந்தா பஸ்காரன்தான் காரணம்.

அத்த

---

கொழும்பு
21.02.2025

அத்தை,

முறுக்கு வந்தது. பாதி தூள்தான், ஆனாலும் விடவில்லை.

மூன்றே மூன்று கேள்வி கேட்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மாயாண்டி அண்ணனுக்குக் கரண்டு வெட்டிய பிறகு லைட் வெள்ளையாக எரிகிறதா? லைட் சிவக்கிற நேரமும் பிள்ளைகள் மடத்தில் இருக்கிற நேரமும் ஒன்றா? கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தபோது அந்த இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்ததா?

பிரேமினி

---

உ

ஊசிமலைத் தோட்டம், மேக்கணக்கு
03.03.2025

பிரேமினி,

பதில் எழுத வேணாம்னு எழுதி அனுப்பிட்ட. எழுதாம இருக்க முடியுதா?

சூடா இல்ல புள்ள. சூடு என்ன, அட்டப்பெட்டியில ஒட்டியிருந்த டேப்பு கூட பிரிக்கல. கல்யாணத்துக்கு வந்த சாமானாம். எட்டு வருசமா அப்பிடியேதான் கெடந்திருக்கு. நான் கையில எடுத்தப்பவே அந்த டேப்பப் பாத்தேன். இப்ப ஒன்கிட்ட சொல்றேன், பாத்தேன். பாத்துக்கிட்டேதான் எடுத்தேன். வெளிய அம்புட்டு சனம் நின்னுச்சு. வெறுங்கையோட எப்பிடி வெளிய வாறதுன்னு நெனச்சேன்.

மனசுக்குள்ள எனக்குத் தெரியும். வாட்ஸு கணக்கு எனக்கு மனப்பாடம் இல்லியா? ஒன் மொத கடுதாசிலயே பன்னெண்டு வீட்டுக் கரண்டுன்னு எழுதியிருந்த. ஆனா சாமி வயருல போற கரண்டு கணக்குல சேராதுன்னு நானே ஒரு சட்டம் வச்சுக்கிட்டேன். ஓடைக்கு சாமி வயரு எது, வீட்டு வயரு எதுன்னு தெரியுமா? நான் அம்மன் சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன் புள்ள.

ஒன் கடுதாசி வந்த அன்னைக்கு சாயங்காலம் புள்ளைங்கள அனுப்பிட்டு ஆறு பெட்டியையும் நிப்பாட்டினேன். வெளிய வந்து பாத்தேன். எல்லா லயமும் பளிச்சுன்னு ஆச்சு. நாலாம் நம்பர் லயத்துல ஒரு காம்பரா மட்டும் இருட்டு.

மாசி வெள்ளி பூசைக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. தீபாராதன முடிஞ்சு திருநீறு குடுக்குறதுக்கு முன்னால நான் எந்திரிச்சு நின்னேன். வாய் வரல. எனக்கு வாய் வரலன்னா நீ நம்புவியா? "லைட்டு செவந்தது என் கம்பியூட்டராலதான், மாயாண்டி மேல குத்தமே இல்ல, எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு, இஸ்திரிப்பெட்டிய அவன் கையில குடுத்தேன்.

மாயாண்டி வாங்கிப் பாத்துட்டு சொல்றான்: "அக்கா, இத எட்டு வருசமா லெட்சுமி பிரிக்க விடல. நீங்க எடுத்துட்டுப் போனதுதான் இது வெளிய போன மொத தடவ. என் சட்டையெல்லாம் ஹோட்டல்லயே தேச்சுக் குடுக்குறாங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

எல்லாரும் சிரிச்சாங்க. லெட்சுமி சிரிக்கல. "எங்க புள்ளைங்க முன்னால கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடுனீங்களே அக்கா, அத எப்பிடித் திருப்பிக் குடுப்பீங்க?"ன்னு கேட்டா. திருநீறக் கூட வாங்கிக்காம வந்துட்டேன்.

தலைவி பதவி வேணாம்னு சொல்லிட்டேன். அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல. மடம் பூட்டிக் கெடக்கு. புள்ளைங்க தெனம் வந்து பூட்டப் பாத்துட்டுப் போகுதுங்க. அதத்தான் பாக்க முடியல.

அத்த

---

கொழும்பு
09.03.2025

அன்பு அத்தை,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று நான் செய்ததைச் சொல்கிறேன்.

முந்நூறு கணினிகளுக்கான அறிக்கை என் மேசையில் கையெழுத்துக்காக இருந்தது. "வேலையாட்கள் நியாயமாக நடத்தப்படுகிறார்கள்" என்று ஒரு வரி அதில் இருந்தது. விற்பனைக்காரர் திரும்பி வரவே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, "சான்றிதழ் பார்த்தோம், உண்மை தெரியாது" என்று எழுதினேன். என் மேலதிகாரி பிரியந்தி மேடம், "தெரியாதுன்னு யாராவது அறிக்கையில எழுதுவாங்களா?" என்று கேட்டார். தெரிந்ததைப் போல எழுதினால் நானும் இரண்டு இடது கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறவள் ஆவேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப முந்நூறும் புதுசா வாங்கணுமா?" என்றார். கணக்குப் பார்த்தோம். நூற்றெண்பது போதும், மீதியைப் பழையதைத் திருத்தியே ஓட்டலாம். வாங்குவதும் குறைவாகக் கரண்டு எடுப்பதுதான். யாரும் இல்லாத அறையின் நாற்பதும் இப்போது அணைந்துவிட்டன.

அலுவலகத்தில் கழித்து வைத்த சின்ன மடிக்கணினிகளில் ஐந்தைக் கேட்டு வாங்கி, துடைத்துத் திருத்தி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே செய்த பொருள் என்பதால் இதற்காக உலோகம் தேடிப் புதிதாக எந்த மலையையும் தோண்ட வேண்டியதில்லை, யாரையும் "ஆமா சார்" சொல்ல வைக்க வேண்டியதில்லை. ஒன்றுக்குப் பதினைந்து வாட்ஸ். பகலில் எல்லோரும் மலைக்குப் போயிருக்கும்போது ஓடைக் கரண்டு சும்மாதானே போகிறது? அப்போது சார்ஜ் ஏற்றி வைத்தால் சாயங்காலம் வயரே வேண்டாம்.

சின்னராசா அண்ணனிடம் நானே பேசினேன். முதலில் கோபித்தார். மெயின் கரண்டு உள்ள ராகலை டவுன் வகுப்பு ஒன்றுக்கு ஆறு பெட்டியையும் மாற்றலாம், இரண்டு இடத்திலும் அவர் பெயர் இருக்கும் என்றதும் குரல் மாறிவிட்டது.

ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய மாட்டேன். கரண்டு இருபத்திரண்டு வீட்டுக்காரர்களுடையது. அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

பிரேமினி

---

உ
அம்மன் கண் தொறந்துதான் இருக்கா

ஊசிமலைத் தோட்டம், மேக்கணக்கு
30.03.2025

என் கண்ணு பிரேமினிக்கு அத்த எழுதுறது.

அஞ்சும் வந்து சேந்துச்சு. ஒண்ணு ஒண்ணும் ஒரு சுளகுல பாதிகூட இல்ல. மடியில வச்சுப் பாத்தேன், பூனக்குட்டி மாதிரி லேசா சுடுது, அவ்வளவுதான். டஸ்ட்டுன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்க.

நீ சொன்ன மாதிரியே கூட்டம் போட்டோம். நான் பின்னால போயி உக்காந்துக்கிட்டேன். எப்பிடி அளவு வைக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப, பூசாரி "கோயில் மடந்தானே, சாமி கணக்குல போகட்டும்"னாரு. நான் வேணாம்னேன். சாமிக்கு வெளக்கு எரியிற வயருல சாமி வெளக்கு மட்டும் எரியட்டும், படிக்கிற எடத்த இருவத்திமூணாவது வீடுன்னு எழுதுங்க, வீட்டுக்கு நூறுன்னா அதுக்கும் நூறுன்னேன். அஞ்சு பெட்டிக்கு எழுவத்தஞ்சு, ரெண்டு பல்புக்கு இருவது. அஞ்சு மிச்சம். எல்லாரும் கை தூக்குனாங்க. லெட்சுமியும் தூக்குனா, கொஞ்சம் மெதுவா.

தலைவி பதவிய அவங்க திருப்பி வாங்கிக்கல. அதுக்குப் பதிலா சோதன வேலைய என்கிட்டருந்து எடுத்து மாயாண்டிகிட்ட குடுத்துட்டாங்க. அவன் கேட்ட மொத நிபந்தன என்னன்னு நெனக்கிற? சோதன போறதுக்கு மொத நாளே பெரட்டுக்களத்துல சொல்லணும், யாரு வீட்டுலயும் கட்டிலுக்கு அடியில குனியக்கூடாது, வீட்டுக்காரங்க தாங்களே எடுத்துக் காட்டணும். ஒரு கேத்தலும் சிக்காதுன்னு நான் நெனச்சேன். மறுநா ரெண்டு பேரு தாங்களே கொண்டாந்து குடுத்துட்டாங்க புள்ள! நான் அஞ்சு வருசமா இவங்க வீட்டுக்குள்ள பூந்து பூந்து தேடினேனே.

புள்ளைங்க இப்ப பகல்ல சார்ஜு ஏத்துறதுக்கு மொற வச்சிருக்குதுங்க. சாயங்காலம் லயம் பூராவும் வெள்ள வெளிச்சம். அந்தப் புள்ள பெத்தவ மெழுகுவத்திய என்கிட்டயே குடுத்துட்டா, கோயிலுக்கு வச்சுக்கங்கன்னு.

நேத்து நான் அடுப்படியில நிக்கிறப்ப வாசல்ல சத்தம். மாயாண்டி, கையில நோட்டுப் புத்தகம், காதுல பென்சிலு. பின்னால லெட்சுமியும் வந்திருந்தா, சும்மா பாக்கத்தான்.

"அக்கா, சோதன. நேத்தே சொல்லிட்டேன்ல?"

"சொன்ன. வா"ன்னேன்.

"நானா ஒண்ணையும் தொட மாட்டேன். நீங்களே காட்டுங்க."

பல்பு ரெண்டு காட்டினேன். போன் சார்ஜர் காட்டினேன். அவன் எழுதிக்கிட்டான். எழுதிட்டு நிமுந்து, "வேற எதாச்சும்?"னு கேட்டான்.

ஒன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. சுடுதண்ணிக்கு ஒரு சின்னக் கரண்டுக் கம்பி வச்சிருந்தேன் புள்ள, தண்ணிக்குள்ள போடுறது. முழங்கால் வலிக்கு ஒத்தடம் குடுக்கத்தான், எப்பயாச்சும்தான். யாருக்கும் தெரியாது. அவன் குனிஞ்சு தேடவே இல்ல, அப்பிடியே நின்னான். தேடியிருந்தா ஒளிச்சிருப்பேன். தேடாம நின்னானே, என்ன பண்றது? நானே சாமி படத்துக்குப் பின்னால கைய விட்டு எடுத்து அவன் கையில குடுத்தேன்.

லெட்சுமி சிரிச்சா பாரு! செவுத்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர சிரிச்சா. "அக்கா, அத எங்க வச்சிருந்தீங்க!"ன்னு. மாயாண்டி நோட்டுல எழுதுறான், "தலைவி வீடு, ஒண்ணு"ன்னு. எனக்கும் சிரிப்பு அடக்க முடியல. மூணு பேரும் வாசல்லயே உக்காந்துட்டோம். லெட்சுமிதான் எந்திரிச்சு என் அடுப்புல வெறகு வச்சு தேத்தண்ணி போட்டா. ஒத்தடத்துக்கும் தண்ணி சுட வச்சுக் குடுத்துட்டுத்தான் போனா.

முழங்கால் இன்னைக்குப் பரவால்ல.

அத்த அழகம்மா